மறைத்தது யார் கண்ணுக்கு?

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், பள்ளி ஆசிரியர்களின் தகுதிச் சான்றிதழைப் பொதுமக்கள் சரிபார்த்துக்கொள்ள அரசுக் கல்வித்துறை ஓர் இணையதளம் வைத்திருந்தது. நம் பிள்ளைக்குப் பாடம் எடுப்பவர் முறையாகத் தகுதி பெற்றவர்தானா என்று எவரும் தேடிப் பார்க்கலாம். திரையில் வந்த விவரங்களில் ஆட்சேபிக்க ஒன்றும் இல்லை. 2021 அக்டோபரில் ‘செயின்ட் லூயிஸ் போஸ்ட்-டிஸ்பேட்ச்’ நாளிதழின் நிருபர் ஒருவர் அந்தப் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து பார்த்தார். இதற்குத் தனித்திறமை எதுவும் வேண்டாம். கீபோர்டில் எஃப்12-ஐத் தட்டினாலே பெரும்பாலான பிரவுசர்கள் பக்கத்தின் உள்விவரத்தைத் திறந்து காட்டிவிடும். திரையில் இல்லாத ஒன்று அதற்குள் இருந்தது: ஆசிரியர்களின் சமூகப் பாதுகாப்பு எண். வங்கிக் கணக்கு முதல் வருமான வரி வரை அமெரிக்கர் ஒருவரின் வாழ்க்கை முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கும் 9 இலக்க எண் அது.

எண்கள் நேரடியாகப் படிக்கும்படி இல்லை, வேறொரு எழுத்துவரிசையாக மாற்றி எழுதப்பட்டிருந்தன. ஆனால் அது பூட்டு அல்ல, வெறும் மாற்று எழுத்துமுறை. திருப்பிப் படிக்கச் சாவி தேவையில்லை, இலவசமாகவே கருவிகள் கிடைக்கின்றன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் எண்கள் இப்படி வெளியே போகும் நிலையில் இருந்தன. பத்திரிகை உடனே செய்தி போடவில்லை. முதலில் துறைக்குத் தகவல் சொன்னது, அந்தப் பக்கம் நீக்கப்படும்வரை காத்திருந்தது, பிறகுதான் வெளியிட்டது. மறுநாள் மாநில ஆளுநர் மைக் பார்சன் செய்தியாளர்களைக் கூட்டி, அந்த நிருபரை ‘ஹேக்கர்’ என்றார். வழக்குத் தொடரப்போவதாக எச்சரித்தார், காவல்துறை விசாரணையும் தொடங்கியது. 2022 பிப்ரவரியில், வழக்கு தொடுக்கப்போவதில்லை என்று அரசு வழக்கறிஞர் அறிவித்தார். அந்தத் தளத்தில் ஓட்டை 2011 முதலே இருந்திருக்கிறது என்பதும் விசாரணையில் வெளிவந்தது.

நிருபரின் மேல் பாய்ந்த ஆளுநர், தன் துறையிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: திரையில் காட்டத் தேவையே இல்லாத எண் எதற்காக அத்தனை பேர் கணினிக்கும் அனுப்பப்பட்டது?

யாருக்கு எதைக் காட்டலாம், யாரிடமிருந்து எதை மறைக்கலாம் என்பது இன்று ஏறக்குறைய எல்லா இணையதளங்களுக்கும் உள்ள பிரச்சினை. ஒரு பள்ளியின் மதிப்பெண் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். மாணவி லாகின் செய்தால் தன் மதிப்பெண் மட்டும் தெரிய வேண்டும். வகுப்பாசிரியருக்கு வகுப்பில் உள்ள நாற்பது பேருடையதும் தெரிய வேண்டும், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ‘திருத்து’ என்று ஒரு பட்டன் இருக்க வேண்டும். அலுவலக எழுத்தருக்கு மதிப்பெண் எதற்கு? அவருக்கு வேண்டியது யார் யார் கட்டண பாக்கி என்ற பட்டியல். தலைமை ஆசிரியருக்கு இவை எல்லாமும், கூடவே ‘முடிவுகளை வெளியிடு’ என்ற பட்டனும் வேண்டும். முகவரி ஒன்றுதான், பக்கம் ஒன்றுதான். வருகிறவரைப் பொறுத்து அதன் பகுதிகள் தோன்றுகின்றன, மறைகின்றன.

இதை மூன்று இடங்களில் செய்யலாம். எந்த இடத்தில் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பாதுகாப்பு இருக்கிறதா, பாதுகாப்பு இருப்பதுபோல் தெரிகிறதா என்பது தீர்மானமாகிறது.

முதல் இடம், பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் விதிகள். எழுத்தின் நிறம், அளவு, இடம் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் சி.எஸ்.எஸ். மொழியில், ஒரு பகுதியைக் ‘காட்டவே வேண்டாம்’ என்று சொல்ல ஒரு வரி போதும். ‘திருத்து’ பட்டன் மறைந்துவிடும், அது இருந்த இடம்கூடத் தெரியாது. ஆனால் பட்டன் மாணவியின் கணினிக்கு வந்து சேர்ந்துவிட்டது. எஃப்12 தட்டி அந்த ஒரு வரியை அழித்தால் பட்டன் எழுந்து நிற்கும். விரதக்காரர் இலையில் வடையைப் பரிமாறிவிட்டு, அதன்மேல் இன்னோர் இலைத்துண்டைக் கவிழ்த்து வைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இரண்டாவது இடம், பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல். இன்றைய இணையச் செயலிகள் பலவும் இப்படித்தான் கட்டப்படுகின்றன. தளத்தை வைத்திருக்கும் கணினியான சர்வர் முழுப் பக்கத்தைத் தருவதில்லை, விவரங்களை ஒரு பொட்டலமாக அனுப்புகிறது. பிரவுசரில் ஓடும் நிரல் அதைப் பிரித்து, ‘இவர் மாணவியா, அப்படியானால் இதை மட்டும் காட்டு’ என்று திரையை வரைகிறது. மறைத்த பகுதி பக்கத்தின் மூலத்தில்கூட இருக்காது என்பதால் முதல் வழியைவிடப் பத்திரம் என்று தோன்றும். ஆனால் எஃப்12 திறக்கும் கருவியில், பிரவுசருக்கு என்னென்ன வந்தது என்று வரிசையாகக் காட்டும் ஒரு பகுதி உண்டு. அங்கே போய்ப் பொட்டலத்தைச் சொடுக்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று படித்துவிடலாம். மாணவியின் பெயர், வரிசை எண், ஐந்து பாட மதிப்பெண்கள். சரி. அதற்குக் கீழே அப்பாவின் கைபேசி எண், கட்டண பாக்கி, ‘வீட்டில் பிரச்சினை, கவனிக்கவும்’ என்று ஆசிரியர் தமக்காக எழுதி வைத்த குறிப்பு. திரையில் இவை எதுவும் இல்லை. பொட்டலத்தில் எல்லாம் இருக்கின்றன.

இப்படி ஏன் நடக்கிறது? டெவலப்பர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. தரவுத்தளத்திலிருந்து ஒரு மாணவரின் விவரத்தை எடுக்கும் நிரல் ஏற்கெனவே ஒன்று இருக்கும். ஆசிரியர் பக்கத்துக்காக யாரோ எழுதியது. மாணவர் பக்கம் செய்ய வருகிறவர் அதையே அழைக்கிறார். வேண்டிய ஐந்தாறு விவரம் அதில் இருக்கிறது, மிச்சத்தைத் திரையில் போடாமல் விட்டால் தீர்ந்தது. வேலை அன்று மாலையே முடிகிறது. சோதித்துப் பார்க்கிறவரும் திரையைத்தான் பார்க்கிறார், திரை சரியாக இருக்கிறது. எல்லோரும் திருப்தியோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

மூன்றாவது இடம் சர்வர். யார் கேட்கிறார் என்று பார்த்து, அவருக்கு உரியதை மட்டும் தேர்ந்தெடுத்து, மற்றதைப் பொட்டலத்தில் வைக்காமலே அனுப்புவது. வராத விவரத்தை எந்த எஃப்12-ஆலும் தோண்டி எடுக்க முடியாது. பாதுகாப்பு என்று சொல்லத் தகுந்தது இது ஒன்றுதான். இன்னும் ஒருபடி கீழே இறங்கி, தரவுத்தளத்திலேயே இந்தக் கட்டுப்பாட்டை வைப்பவர்களும் உண்டு. இலவசத் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ், 2016 ஜனவரியில் வந்த 9.5 பதிப்பிலிருந்து, எந்த வரிசையை யார் படிக்கலாம் என்ற விதியை அட்டவணையோடே கட்டி வைக்க வசதி தருகிறது. மேலே எழுதும் நிரலில் ஒருவர் மறந்துவிட்டாலும் கீழே பிடித்து நிறுத்தும்.

அப்படியானால் முதல் இரண்டு வழிகளும் வீணா? இல்லை. தன்னால் செய்ய முடியாத வேலைக்கான பட்டனைத் திரையில் வைத்துக்கொண்டு பயனர் ஏன் குழம்ப வேண்டும்? அதை எடுத்துவிடுவது மரியாதை. அந்த மரியாதையையே காவலாக நினைத்துவிடும்போதுதான் விபத்து.

சரி, கேட்பது மாணவியா, தலைமை ஆசிரியரா என்று சர்வருக்கு எப்படித் தெரியும்? இணையத்தை இயக்கும் எச்.டி.டி.பி. என்ற நெறிமுறைக்குப் பிறவியிலேயே ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டு வாங்கிவிட்டு, அடுத்த நொடி இன்னொரு பக்கத்தைக் கேட்டால், அதே ஆள்தான் கேட்கிறார் என்பது சர்வருக்குத் தெரியாது. 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மோன்டூலி இதற்கு ஒரு வழி கண்டார். சர்வர் ஒரு சிறு துண்டுச்சீட்டை பிரவுசரிடம் கொடுக்கும், அடுத்தடுத்த ஒவ்வொரு கோரிக்கையோடும் பிரவுசர் அதைத் திருப்பி நீட்டும். அதுதான் குக்கி. லாகின் செய்ததும் யாரும் ஊகிக்க முடியாத நீளமான எண் ஒன்று அந்தச் சீட்டில் எழுதப்படுகிறது. அந்த எண்ணுக்கு உரியவர் யார், அவர் பொறுப்பு என்ன என்பது சர்வரின் பதிவேட்டில் இருக்கும்.

இதிலும் சறுக்குபவர்கள் உண்டு. பதிவேட்டைத் தேடும் சிரமம் எதற்கு என்று, ‘இவர் ஆசிரியர்’ என்பதைக் குக்கியிலேயே வெறுமனே எழுதி அனுப்பிவிடுவார்கள். குக்கி இருப்பது பயனரின் கணினியில். ‘ஆசிரியர்’ என்பதை அழித்துத் ‘தலைமை ஆசிரியர்’ என்று எழுத அரை நிமிடம் ஆகாது. பயனரிடம் கொடுத்து வைக்கத்தான் வேண்டும் என்றால், மாற்றினால் கண்டுபிடிக்கும்படி சர்வர் தன் மின்கையொப்பத்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பல தளங்கள் இன்று அப்படிச் செய்கின்றன.

இந்தக் கவலை இணையத்தைவிட வயதில் மூத்தது. ஒரு கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய அன்றே வந்துவிட்டது. 1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் சி.டி.எஸ்.எஸ். என்ற பகிர்வுக் கணினி அமைப்பு ஓடிக்கொண்டிருந்தது. பயனருக்குப் பயனர் கடவுச்சொல் வைத்த முன்னோடி அமைப்புகளில் ஒன்று. லாகின் செய்கிறவர்களுக்கு அன்றைய அறிவிப்பு ஒன்று தட்டச்சாகி வரும். ஒருநாள் அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய முழுக் கோப்பும் தட்டச்சாகி வந்தது! நிர்வாகிகளில் ஒருவர் அறிவிப்பையும் இன்னொருவர் கடவுச்சொல் கோப்பையும் ஒரே நேரத்தில் திருத்திக்கொண்டிருந்திருக்கிறார்கள். திருத்தும் நிரலோ, ஒரு கோப்பகத்தில் ஒரு சமயம் ஒருவர்தான் வேலை செய்வார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரைத்தான் வைக்கும். இரண்டும் இடம் மாறிவிட்டன. அந்த அமைப்பை உருவாக்கிய பெர்னாண்டோ கார்பட்டோ, பின்னாளில் கணினித்துறையின் உயரிய டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் இந்தக் கதையைத் தானே சொன்னார். பெரிய அமைப்புகள் எப்படித் தோற்கும் என்பதுதான் அந்த உரையின் பொருள்.

1975-ல் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் இருவரும் எழுதிய ஆய்வுக்கட்டுரை கணினிப் பாதுகாப்புத் துறைக்கு அடித்தளம் போட்டது. அதில் அவர்கள் சொன்ன எட்டு விதிகளில் மூன்று நம் பேச்சுக்கு நேரடியாகப் பொருந்தும். ஒருவருக்கு அவர் வேலைக்குத் தேவையான உரிமைக்கு மேல் ஒரு இம்மியும் தராதே. அனுமதி உண்டு என்று வெளிப்படையாகச் சொல்லாதவரை இல்லை என்றே கொள். ஒருமுறை பார்த்தாயிற்று என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு பொருளையும் தொடும் ஒவ்வொரு முறையும் அனுமதியைச் சரிபார். இணையம் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டவை இவை. மிசௌரித் தளத்தை உருவாக்கியவர்கள் முதல் விதியைப் பின்பற்றியிருந்தாலே போதும், தலைப்புச் செய்தி ஆகியிருக்க மாட்டார்கள்.

உரிமைகளை ஆளுக்கு ஆள் தருவதா, பொறுப்புக்குத் தருவதா? சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தால் விடை தெரியும். 300 ஊழியர், 50 விதமான வேலைகள் என்றால், யாருக்கு எது என்று 15,000 முடிவு எடுக்க வேண்டும். ஒருவர் மாற்றலாகிப் போனால் அவருக்குரிய ஐம்பதையும் திரும்பப் பார்க்க வேண்டும், பார்க்க மாட்டார்கள். ஆறு பொறுப்புகளாகப் பிரித்துவிட்டால், பொறுப்புக்கு ஐம்பது வீதம் 300 முடிவு, யார் எந்தப் பொறுப்பில் என்று இன்னொரு 300. ஆக 600. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட்டைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோ, ரிச்சர்ட் கூன் இருவரும் 1992-ல் இதை முறையான கோட்பாடாக எழுதினார்கள். 1996-ல் ரவி சாந்துவும் சகாக்களும் அதை விரித்து, பொறுப்புகளுக்குள் மேல்-கீழ் அடுக்கையும், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பொறுப்பை ஒரே ஆள் வகிக்கக் கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகளையும் சேர்த்தார்கள். 2004-ல் அது அமெரிக்கத் தேசியத் தரமாகவே ஆனது. வங்கியில் பணப் பரிமாற்றத்தைப் பதிகிறவர் வேறு, ஒப்புதல் தருகிறவர் வேறு என்ற நடைமுறையைக் கணினி நிரலாக எழுத முடிவது இந்தக் கட்டுப்பாடுகளால்தான்.

இதை நடைமுறையில் பார்க்க, இணையதளம் கட்ட உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸ் நல்ல இடம். உலகத்தின் இணையதளங்களில் பத்துக்கு நான்கு அதில்தான் ஓடுகின்றன. ஆரம்ப காலத்தில் அதில் பயனருக்கு 0 முதல் 10 வரை ஒரு நிலை எண் உண்டு. ஏழாம் நிலைக்கும் எட்டாம் நிலைக்கும் என்ன வேறுபாடு என்பது மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் தெரியும். 2005 இறுதியில் வந்த 2.0 பதிப்பில் அதை விட்டுவிட்டு, நிர்வாகி, தொகுப்பாசிரியர், ஆசிரியர், பங்களிப்பவர், சந்தாதாரர் என்று ஐந்து பொறுப்புகளுக்கு வந்தார்கள். பங்களிப்பவர் கட்டுரை எழுதலாம். ஆனால் ‘வெளியிடு’ பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் அவருக்குத் தெரிவது ‘பார்வைக்கு அனுப்பு’ என்ற பட்டன். ஆசிரியர் என்றால் தம் கட்டுரையைத் தாமே வெளியிடலாம், அடுத்தவர் கட்டுரையில் கை வைக்க முடியாது. அதற்குத் தொகுப்பாசிரியர் ஆக வேண்டும். நிரலுக்குள் நல்ல டெவலப்பர்கள் ‘இவர் தொகுப்பாசிரியரா’ என்று கேட்பதில்லை, ‘இவரால் அடுத்தவர் கட்டுரையைத் திருத்த முடியுமா’ என்றுதான் கேட்பார்கள். நாளை ஆறாவதாக ஒரு பொறுப்பை உருவாக்கினாலும் நிரலை மாற்ற வேண்டியிருக்காது. இதே வேர்ட்பிரஸில் ஒரு பழைய கண்ணியும் உண்டு. ‘அட்மினா?’ என்று கேட்பது போலப் பெயர் வைத்த ஒரு கட்டளை, வந்திருப்பவர் நிர்வாகியா என்று பார்ப்பதில்லை. கேட்கப்படும் பக்கம் நிர்வாகப் பகுதியில் இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். பெயரை நம்பி அதைக் காவலுக்கு நிறுத்தி ஓட்டை விட்ட பிளகின்கள் (துணை நிரல்கள்) பல.

தமிழில் பார்க்க வேண்டுமானால் 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இருக்கிறது. கணக்கு இல்லாமல் போனாலும் கட்டுரைக்கு மேலே ‘தொகு’, ‘வரலாற்றைக் காண்’ என்ற இணைப்புகள் இருக்கும். கணக்கு தொடங்கிச் சில நாள் ஆனவர் நுழைந்தால் கட்டுரையின் தலைப்பை மாற்றும் ‘நகர்த்து’ சேரும். நிர்வாகிகளுக்கு மட்டும் ‘நீக்கு’ வரும். நிர்வாகி அல்லாத ஒருவர், நீக்கும் பக்கத்தின் முகவரியைத் தானே தட்டச்சு செய்து போனால் என்ன ஆகும்? அனுமதி இல்லை என்று சர்வர் சொல்லிவிடும். இணைப்பைக் காட்டாததும் கோரிக்கையை மறுப்பதும் அங்கே இரண்டு தனித்தனி வேலைகள், இரண்டும் நடக்கின்றன. நீக்கிய பக்கத்தின் பழைய உள்ளடக்கத்தை நிர்வாகிகள் படிக்கலாம். தனிநபர் விவரம் போன்றவை இருந்தால் நிர்வாகிகளும் படிக்க முடியாதபடி மூட இன்னொரு அடுக்கு உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: எந்தக் குழுவுக்கு என்னென்ன உரிமை என்ற பட்டியலை விக்கிப்பீடியா எல்லோரும் படிக்கும்படி ஒரு சிறப்புப் பக்கத்தில் வைத்திருக்கிறது. யாருக்கு என்ன தெரியும் என்பதை மறைக்காமலே ரகசியம் காக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

மறுக்கும்போது எப்படி மறுப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. ‘நீங்கள் யாரென்று தெரியவில்லை’ என்பதற்கு 401, ‘தெரியும், ஆனால் அனுமதி இல்லை’ என்பதற்கு 403, ‘அப்படி ஒன்றே இல்லை’ என்பதற்கு 404 என்று சர்வர்களுக்கு எண்கள் உண்டு. நிரலாளர்கள் நிரலைச் சேமித்து வைக்கும் கிட்ஹப் தளத்தில், உங்களுக்கு உரிமை இல்லாத ஒரு தனிக் களஞ்சியத்தின் முகவரியை அடித்தால் 403 வராது, 404 வரும். அனுமதி இல்லை என்று சொன்னாலே அங்கே ஏதோ இருக்கிறது என்பது தெரிந்துவிடுமே! ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்கப்போகும் ரகசியம் களஞ்சியத்தின் பெயரிலேயே இருந்தால், அதற்குள்ளே போகாமலே விஷயம் கசிந்துவிடும்.

பட்டனை மறைத்துவிட்டு வாசலைத் திறந்தே வைத்த கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற அமெரிக்கச் சொத்துரிமைக் காப்பீட்டு நிறுவனம், வீடு வாங்குகிறவர்களின் ஆவணங்களை இணைப்பாக அனுப்பி வந்தது. இணைப்பின் நுனியில் ஓர் எண். அந்த எண்ணில் ஓர் இலக்கத்தை மாற்றினால் வேறொருவரின் ஆவணம் வந்து நின்றது. லாகின்கூடக் கேட்கவில்லை. வங்கிக் கணக்கு எண், வரி ஆவணம், சமூகப் பாதுகாப்பு எண் என்று 2003 வரை பின்னோக்கிப் போகும் சுமார் 88.5 கோடி ஆவணங்கள் அப்படித் திறந்து கிடந்ததை, 2019 மே மாதம் பாதுகாப்புத்துறைப் பத்திரிகையாளர் பிரையன் கிரெப்ஸ் வெளிப்படுத்தினார். ஒருவரின் இணைப்பை அடுத்தவருக்குத் திரையில் காட்டவில்லை என்பது மட்டும்தான் அங்கே இருந்த பாதுகாப்பு.

காட்டாத கட்டத்தையும் நிரப்பி அனுப்பலாம். 2012 மார்ச்சில் யெகோர் ஹோமகோவ் என்ற ரஷ்ய இளைஞர் இதை கிட்ஹப்பிலேயே நிரூபித்தார். ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற மென்பொருள் கட்டமைப்பில், படிவத்தில் எந்தக் கட்டம் வந்தாலும் அப்படியே தரவுத்தளத்தில் எழுதிவிடும் பழக்கம் இருந்தது. இது ஆபத்து என்று அவர் சொல்லிப் பார்த்தார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிட்ஹப்பும் அதே கட்டமைப்பில் ஓடியது. தன் மின்சாவியைப் பதியும் படிவத்தில், திரையில் இல்லாத பயனர் எண் என்ற கட்டத்தைத் தானே சேர்த்து, இன்னொருவரின் எண்ணைப் போட்டு அனுப்பினார். சர்வர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. ரெயில்ஸின் சொந்தக் களஞ்சியத்துக்குள்ளேயே நுழைந்து ஒரு கோப்பை எழுதி வைத்துவிட்டு வந்தார். கிட்ஹப் அன்றே ஓட்டையை அடைத்தது. வாயால் சொன்னபோது நடக்காதது அப்போது நடந்தது.

சர்வர் எல்லாம் சரியாகச் செய்தும் நடுவழியில் கெடலாம். பெரிய தளங்கள் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் தயாரிக்காமல், ஒருமுறை தயாரித்ததை இடையில் உள்ள சர்வர்களில் சேமித்து வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் கொடுக்கும். எல்லோருக்கும் பொதுவான பக்கம் என்றால் பிரமாதம். ஆளுக்கு ஆள் மாறும் பக்கம் என்றால்? 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் என்ற வீடியோ கேம் கடையில் அதுதான் நடந்தது. தள்ளுபடி விற்பனை நேரத்தில் தாக்குதல் ஒன்று வந்து போக்குவரத்து பல மடங்கு எகிற, சமாளிக்கச் சேமிப்பு விதிகளை அவசரமாக மாற்றினார்கள். புது விதி, லாகின் செய்தவர்களின் பக்கங்களையும் சேமித்துவிட்டது. தன் கணக்கைத் திறந்தவருக்கு முன்பின் தெரியாத ஒருவரின் முகவரியும் வாங்கிய பட்டியலும் தெரிந்தன. சுமார் 34,000 பேரின் விவரம் இப்படிக் கைமாறியிருக்கலாம் என்று அந்த நிறுவனமே பின்னர் அறிவித்தது. அனுமதி சோதிக்கும் நிரலில் ஒரு பிழையும் இல்லை. அது ஓடவே இல்லை, சேமித்த பக்கம் நேராகப் போய்விட்டது.

பொறுப்பை வைத்துப் பிரிப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. மருத்துவமனையில் ‘செவிலியர்’ என்ற பொறுப்புக்கு நோயாளிகளின் கோப்பைப் பார்க்கும் உரிமை வேண்டும். எந்த நோயாளியின் கோப்பை? 2008-ல் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ. மருத்துவ மையத்தில் அனுமதிக்கப்பட்டிருந்தபோது, அவர் சிகிச்சையோடு சம்பந்தமில்லாத ஊழியர்கள் அவர் கோப்பைத் திறந்து பார்த்தது தெரியவந்தது. குறைந்தது 13 பேரை வேலையிலிருந்து நீக்க நிர்வாகம் நடவடிக்கை எடுத்தது. அவர்கள் எதையும் உடைத்து உள்ளே போகவில்லை. அவர்கள் பொறுப்புக்குக் கணினி அனுமதி தந்திருந்தது. அதற்காக ஒவ்வொரு நோயாளிக்கும் தனிக் கட்டுப்பாடு வைத்தால், மயங்கிய நிலையில் இரவு 2 மணிக்கு வரும் ஒருவரின் ஒவ்வாமை விவரத்தைப் பணியில் இருக்கும் மருத்துவர் பார்க்க முடியாமல் போகும். அதனால் பல மருத்துவமனைகளில், அவசரத்துக்குக் கட்டுப்பாட்டைத் தாண்டிச் செல்ல ஒரு வழி விட்டு, தாண்டியவர் பெயரையும் காரணத்தையும் பதிந்து பின்னால் விசாரிக்கிறார்கள்.

பொறுப்பு மட்டும் போதாத இடத்தில் உறவைப் பார்க்கிறார்கள். இந்த ஆவணத்துக்கு இவர் உரிமையாளரா, உரிமையாளர் இவரோடு பகிர்ந்திருக்கிறாரா, இவர் சேர்ந்திருக்கும் குழுவோடு பகிர்ந்திருக்கிறாரா? நாம் கூகுள் டிரைவில் ஒரு கோப்பை நண்பருக்கு ‘பார்க்க மட்டும்’ என்று பகிரும்போது நடப்பது இது. கூகுளின் பல சேவைகளுக்கும் பொதுவாக இதைக் கவனிக்கும் ‘சான்சிபார்’ என்ற அமைப்பைப் பற்றி 2019-ல் ஆய்வுக்கட்டுரை வெளியானது. லட்சம் கோடிக் கணக்கில் அனுமதிப் பதிவுகள், நொடிக்குப் பத்து லட்சக் கணக்கில் கேள்விகள், பெரும்பாலானவற்றுக்குச் சில மில்லிநொடிகளில் பதில். நம் பள்ளித் தளத்துக்கு இது வேண்டியதில்லை. அங்கே நான்கு பொறுப்புகளை ஒழுங்காகச் செய்தாலே பெரிய விஷயம்.

இதெல்லாம் பழைய பாடங்கள்தானே, இந்நேரம் கற்றிருப்பார்களே என்று தோன்றலாம். இணையச் செயலிகளின் ஓட்டைகளை வரிசைப்படுத்தும் ஓவாஸ்ப் அமைப்பு, அனுமதிக் கட்டுப்பாட்டுக் கோளாறை 2017 பட்டியலில் ஐந்தாவதாக வைத்திருந்தது. 2021 பட்டியலில் அதுவே முதலிடம். பொட்டலத்தில் எல்லாவற்றையும் வைத்து பிரவுசரில் பிரிக்கும் பாணி பெருகியதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்பது என் எண்ணம்.

பள்ளிக்கோ, சங்கத்துக்கோ, கடைக்கோ இணையதளம் செய்யப் பணம் கொடுக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், தளத்தை வாங்கிக்கொள்ளும் அன்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில், யாருக்கு எது தெரியும், யார் எதைச் செய்யலாம் என்ற அட்டவணையைத் தாளில் எழுதி வாங்குங்கள். பிறகு நிர்வாகி கணக்கில் நுழைந்து மிக ரகசியமான பக்கத்தின் முகவரியை நகலெடுங்கள். வெளியே வந்து, இருப்பதிலேயே சிறிய பொறுப்பில் லாகின் செய்து, அந்த முகவரியை ஒட்டிப் பாருங்கள். லாகின் செய்யாமலும் ஒட்டிப் பாருங்கள். முகவரியில் எண் இருந்தால் ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். கடைசியாக, டெவலப்பரையே பக்கத்தில் உட்காரவைத்து எஃப்12 தட்டச் சொல்லி, மாணவர் கணக்குக்கு வந்து சேரும் பொட்டலத்தில் என்னென்ன இருக்கிறது என்று வரிவரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். திரையில் இல்லாத ஒரு விவரம் அதில் இருந்தால், அது ஏன் அங்கே இருக்கிறது என்பதற்குப் பதில் வரும்வரை கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.